மேசைமலை ஏறுவோர்க்கு

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகருக்குப் பின்னே மதிலெனச் செங்குத்தாய் நிற்பது மேசைமலை. உயரம் 1,086 மீட்டர். உச்சி சமதளமாயிருப்பதால் இப்பெயர். போர்த்துக்கீசிய மாலுமி சல்தாஞா 1503ஆம் ஆண்டில் இதன்மீது ஏறினார். அவர் சென்றதாகக் கருதப்படும் பிளாட்டெக்லிப் என்னும் மலைப்பிளவின் வழியே இன்றும் பலர் ஏறுகின்றனர்.

ஒரே பகலிற் போய்வர விரும்புவோர் கருக்கலிலேயே புறப்படல் வேண்டும். விடுதிவாசிகட்கு இது சற்றுக் கசப்பே. அந்நாடு பூமத்திய ரேகைக்கு வெகு தெற்கே கிடப்பதாற் சூரியன் வடபாற் சாய்ந்தே செல்லும். வடக்கு நோக்கிய அப்பிளவு நண்பகலில் அடுப்பாய்விடும். ஏற்றத்துக்கு இரண்டு மூன்று மணி நேரமாகும். வழியிலுள்ள நீரை நம்பாது, ஆளுக்கு இரண்டு லிட்டராவது கொண்டு செல்க.

வெயிலினும் அஞ்சத்தக்கது மேகம். கோடையில் தென்கீழ்க்காற்று கடலீரத்தைச் சுமந்து மலைமேல் ஏறுங்கால், அவ்வீரம் குளிர்ந்து வெண்மேகமாய் உச்சியை மூடும். ஊரார் அதனை 'மேசைவிரிப்பு' என்பர். கீழிருந்து காண்பார்க்கு அஃது அழகு. மேலிருப்பார்க்கோ பாதை மறைந்துபோம். அவ்வேளையிற் குறுக்குவழி தேடிப் பாறைவிளிம்பினின்று விழுந்து மாண்டோர் உண்டு. 1929 முதல் அங்கு ஓடும் கம்பிவட ஊர்தியில் இறங்கிவிடலாமென எண்ணுவோர் பலர். காற்று மிகுந்தால் முதலில் நிறுத்தப்படுவது அதுவே. ஆகையால் நடந்திறங்கவும் பகலில் நேரம் வைத்துக்கொள்க. கம்பளிச் சட்டை, கைவிளக்கு இரண்டும் மூட்டையில் இருக்கட்டும். மேகம் சூழக் கண்டால், ஏறிவந்த பாதையிலேயே திரும்புக.