கோபுரம் கற்பிக்கும் பொருளியல்

தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குச் செல்லும்போதெல்லாம் அங்குள்ள கல்வெட்டுச் செய்தியொன்று என்னைச் சிந்திக்க வைக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் இக்கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியர், பிற்காலத்தில் இதற்குக் குறை நேருமாயின் அதைச் சீர்செய்வோரின் அடிபணிவதாக அதில் கூறுகிறார். கட்டுவதினும் காப்பது அரிது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இடைக்காலக் கோயில் ஊரின் பொருளாதார மையமாகவும் விளங்கியது. திருப்பதிக் கல்வெட்டுகளை ஆராய்ந்த பர்ட்டன் ஸ்டைன் 1960-இல் இதனை விளக்கினார். பக்தர்கள் அளித்த கொடை, கோயிலுக்குரிய ஊர்களின் ஏரி, கால்வாய்ப் பணிகளில் முதலீடானது. பெருகிய விளைச்சலின் பங்கு வழிபாட்டுக்கு வந்தது. ஊர் செழித்தால்தான் கோயில் செழிக்கும்.

பிரான்சின் கிராமத் தேவாலயங்களும் விளைச்சலில் தசமபாகம் பெற்றே வாழ்ந்தன. 1789 புரட்சி அவ்வரியை ஒழித்தது. இன்று 1905-க்கு முற்பட்ட கிராமத் தேவாலயங்களில் பெரும்பாலானவை உள்ளாட்சிகளின் உடைமை. பழுதுபார்க்கும் சுமையும் அவற்றினுடையதே.

தென்காசியில் நெடுங்காலம் சிதைந்து நின்ற இராசகோபுரம், கொடையாளர்களின் துணையால் மீண்டெழுந்து 1990-இல் குடமுழுக்குக் கண்டது. சிற்றூர்க் கோயில்களுக்கு அத்தகைய கொடையாளர் எளிதில் வாய்ப்பதில்லை. அவற்றின் நிலங்களுக்குரிய குத்தகை முறையாக வசூலிக்கப்பட வேண்டும். வரவு செலவுக் கணக்கு ஊரார் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். பாண்டியர் பணிந்தது நம் தலைமுறையையும் நோக்கித்தான்.