பழைய ஸ்கூட்டர் வாங்குகிறீர்களா? முதலில் முதுகெலும்பைப் பாருங்கள்!

பிழைப்புக்காக மும்பை வந்து சேர்ந்த நம் குடும்பங்களில் முதல் வண்டி பெரும்பாலும் 'செகண்ட் ஹேண்ட்' ஸ்கூட்டராகத்தான் இருக்கும். ஸ்டேஷனுக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட, மார்க்கெட்டில் காய்கறி வாங்கி வர என்று வீட்டின் பாதி வேலையை அது சுமக்கிறது. அதை வாங்கும்போது நாம் என்ன பார்க்கிறோம்? பெயின்ட் பளபளப்பாக இருக்கிறதா, ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறதா, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தரும் என்று மூன்றையும் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகிறோம்.

என்ஜின் கெட்டால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். தள்ளிக்கொண்டு வீடு வந்து சேரலாம். ஆனால் சேஸிஸ் என்னும் சட்டம் கெட்டிருந்தால், ஓடும்போது ஆபத்து. பின்னால் மனைவியும் முன்னால் குழந்தையும் இருக்கும்போது ஹேண்டில் கழுத்தில் விரிசல் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. என்ஜினுக்கு உதிரி பாகம் எங்கும் கிடைக்கும். சட்டம் கெட்டால் அந்த வண்டியே இல்லை என்றுதான் பொருள்.

இரண்டு வகை உடம்பு

1972-இல் வந்த பஜாஜ் சேத்தக் போன்ற பழைய கியர் ஸ்கூட்டர்களில் தனியாகச் சட்டம் கிடையாது. அழுத்தி வளைத்த இரும்புத் தகடே உடம்பாகவும் சட்டமாகவும் இருக்கும். நத்தைக்கு ஓடு போல. ஆகவே தகட்டில் துரு ஏறினால் அது வெறும் அழகுக் குறை அல்ல, எலும்பு அரிப்பு. பஜாஜ் நிறுவனம் 2009 இறுதியில் ஸ்கூட்டர் தயாரிப்பை விட்டு விலகுவதாக அறிவித்தது. பத்தாண்டுகள் கழித்து அதே சேத்தக் பெயரில் மின்சார வண்டியாகத் திரும்பி வந்தது. பழைய பெட்ரோல் சேத்தக்கை இன்றும் ஆசையோடு வைத்திருப்பவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும்.

2001-இல் வந்த ஹோண்டா ஆக்டிவாவும் அதன் பின் வந்த கியர் இல்லாத வண்டிகளும் வேறு வகை. உள்ளே எஃகுக் குழாயால் ஆன சட்டம். வெளியே அதை மூடும் தகடோ பிளாஸ்டிக்கோ. இங்கே வெளித்தோற்றத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. மூடியைக் கழற்றினால்தான் உண்மை தெரியும்.

துரு எப்படி வருகிறது?

இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்தால் துரு. அதில் உப்பும் சேர்ந்தால் வேகம் பல மடங்கு. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 1400 மில்லிமீட்டர். இதோடு கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்கிறது. ஊரில் பதினைந்து வருஷம் நன்றாக ஓடும் வண்டி இங்கே சீக்கிரம் தளர்ந்து போவதற்கு இதுதான் காரணம்.

துருப்பிடித்த இரும்பு பருமனில் பெருக்கும். அதனால்தான் பெயின்ட் முதலில் கொப்புளம் போல் எழும்புகிறது. கொப்புளத்தைப் பார்த்து, 'மேலே கொஞ்சம் டச்-அப் செய்தால் போயிற்று' என்று நினைக்கக் கூடாது. வெளியே கொப்புளம் வந்திருக்கிறது என்றால் உள்ளே வேலை எப்போதோ தொடங்கிவிட்டது.

வாங்குமுன் அரை மணி நேரச் சோதனை

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இரவில் தெருவிளக்கின் கீழ் எந்த வண்டியும் புதிதாகத்தான் தெரியும். மழைநாளிலோ, அப்போதுதான் கழுவிய நிலையிலோ பார்க்க வேண்டாம். ஈரம் பல குறைகளை மறைத்துவிடும்.

1. கால் வைக்கும் இடத்திலுள்ள ரப்பர் விரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள். விரிப்பின் அடியில் தேங்கும் நீர்தான் முதல் எதிரி. தகடாக இருந்தால் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினாலோ, 'சரசர'வென்று சத்தம் வந்தாலோ தகடு உளுத்துவிட்டது. பிளாஸ்டிக்காக இருந்தால் கீழே குனிந்து குழாயைப் பாருங்கள்.

2. சிறிய காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்துங்கள். ஓரிடத்தில் மட்டும் பிடிக்கவில்லை என்றால் அங்கே புட்டி வைத்துப் பூசியிருக்கிறார்கள்.

3. ஹேண்டில் கழுத்துக்குப் பின்னால், முக்கியக் குழாய் இறங்கும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் முடிபோல் வெடித்திருப்பது, குழாயின் அடியில் சுருக்கம், புதிய வெல்டிங் தழும்பு, அந்த இடத்தில் மட்டும் வேறு நிறம் ஆகியவை முன்னால் பலமாக மோதிய வண்டியின் அடையாளங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் பேரம் பேசாமல் திரும்பி விடுங்கள்.

4. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒருவரைப் பின்பக்கம் அழுத்தச் சொன்னால் முன்சக்கரம் மேலே எழும்பும். ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக் டக்' என்றால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் 'பிடித்து' நின்றால் பால்கள் குழி விழுந்துவிட்டன. இது மாற்றக்கூடியதுதான், விலையைக் குறைக்க நல்ல காரணமும் கூட.

5. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கியர் இல்லாத வண்டிகளில் என்ஜினும் பின்சக்கரமும் ஒரே கூட்டாகச் சட்டத்திலிருந்து தொங்குகின்றன. அந்த இணைப்பின் ரப்பர் புஷ் தேய்ந்தால் வளைவுகளில் வண்டி 'நெளியும்'. புஷ் மட்டும் போயிருந்தால் சிறிய செலவு. அது அமரும் பிராக்கெட்டில் விரிசல் இருந்தால் பெரிய ஆபத்து.

6. சென்டர் ஸ்டாண்ட் பொருத்திய இடம், ஷாக் அப்சார்பர் மேலே பொருத்திய இடம் ஆகிய இரண்டையும் மறக்க வேண்டாம். பளு முழுவதும் இறங்கும் இடங்கள் இவை.

7. நேர்ச்சாலையில் நண்பரை ஓட்டச் சொல்லி, பின்னால் நின்று பாருங்கள். இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் போக வேண்டும். நண்டு போல் சாய்ந்து போனால் சட்டமோ ஃபோர்க்கோ வளைந்திருக்கிறது.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. ஓடிய கிலோமீட்டர் குறைவு என்று சொல்லும் வண்டியில் டயர் எப்போது செய்தது என்று பார்த்தால் உண்மை கொஞ்சம் வெளிவரும்.

காகிதமும் சட்டமும்

சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் பதியும். எண்ணைச் சுற்றி அரைத்த தடமோ வெல்டிங்கோ இருந்தால் அந்த வண்டி வேண்டவே வேண்டாம். சட்டத்தை மாற்ற வேண்டிய நிலை வந்தாலும் ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கியின் கடன் முடிவுக்குப் படிவம் 35. வேறு மாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28. ஊரிலிருந்து தமிழ்நாட்டு எண்ணோடு வண்டியைக் கொண்டுவந்தவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்துக்கொண்டால் இந்த மாநிலத்துப் பதிவு எண் வாங்க வேண்டும் என்பது சட்டம். பதினைந்து ஆண்டு முடிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அது ஐந்தாண்டுக்குச் செல்லும். தில்லி வட்டாரத்து அன்பர்கள் பழைய வண்டி வாங்குமுன் அங்குள்ள தனி விதிகளை விசாரித்துக்கொள்வது நல்லது.

சட்டத்தைக் கெடுப்பவர் யார்?

பெரும்பாலும் நாமேதான். நிறைந்த கேஸ் சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ: எரிவாயு 14.2 கிலோ, மீதி இரும்பு. அதைக் கால் வைக்கும் இடத்தில் 'தொம்'மென்று இறக்கிக் குண்டும் குழியுமான சாலையில் ஓட்டினால் தளத்தின் வெல்டிங் மூட்டுகள் ஒவ்வொரு குழியிலும் அடி வாங்குகின்றன. ஓட்டுபவரின் கால்களுக்கு இடமில்லாமல் போவதும் ஆபத்தே. மூன்று பெரியவர்கள் ஏறுவதும் அப்படியே. பின்னால் ஒருவரை மட்டுமே ஏற்றலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது போலீஸ்காரருக்காக அல்ல; வண்டி அதற்குத்தான் செய்யப்பட்டிருக்கிறது.

நடைபாதை விளிம்பில் ஏற்றி இறக்குவது, சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்து உதைப்பது, கூடுதல் கேரியருக்காகச் சட்டத்தில் ஓட்டை போடுவது இவையும் கேடுதான். ஒவ்வொரு ஓட்டையும் நீர் புக ஒரு வாசல்.

பராமரிப்பு: மழைக்கு முன்னும் பின்னும்

மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். அடிப்பகுதியைக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். நீர் வடிவதற்கென்று தகட்டிலும் குழாயிலும் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். அவை சேற்றால் அடைத்திருக்கும்; ஒரு கம்பியால் குத்தித் திறந்து விடுங்கள். அடைபட்ட துளைதான் மழைநீரைக் குழாய்க்குள்ளேயே தேக்கிச் சட்டத்தை உள்ளிருந்து தின்கிறது.

துரு கண்ட இடத்தில் வயர் பிரஷ்ஷாலும் எமரி காகிதத்தாலும் தேய்த்துப் பளிச்சென்ற இரும்பு தெரியும் வரை சுரண்டுங்கள். தின்னரால் துடைத்து, முதலில் ரெட் ஆக்ஸைடு பிரைமர், அது காய்ந்தபின் பெயின்ட் அடியுங்கள். துருவின் மேலேயே பெயின்ட் அடிப்பது புண்ணின் மேல் பவுடர் போடுவது போல. பழைய என்ஜின் ஆயிலை அடியில் பூசும் வழக்கம் உண்டு. அது ரப்பர் பாகங்களைக் கெடுக்கும், பிரேக்கிலும் டயரிலும் பட்டால் உயிருக்கே ஆபத்து. கடையில் கிடைக்கும் துருத்தடுப்புப் பூச்சே போதும்.

மழைக்காலத்தில் ரப்பர் விரிப்பை வாரம் ஒரு முறையாவது எடுத்துக் காயவையுங்கள். ஈர வண்டியின் மேல் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடாதீர்கள். உள்ளே ஆவி கட்டி, மூடாத வண்டியை விட மோசமாகும். அக்டோபரில் இன்னொரு முறை அடிப்பகுதியைப் பாருங்கள்.

இன்று பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆகவே பழைய வண்டியைப் பல வாரம் நிறுத்தி வைத்தால் டாங்க்கின் உட்புறமும் துருப்பிடிக்கலாம். பெட்ரோல் ரப்பர் குழாய்கள் தடித்தோ வெடித்தோ இருந்தால் தாமதிக்காமல் மாற்றுங்கள்.

வெல்டிங் செய்யலாமா?

தளத் தகட்டில் சிறிய ஓட்டை என்றால் உளுத்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்ட் செய்யலாம். உளுத்த தகட்டின் மேலேயே ஒட்டுப் போட்டால் ஓரிரு மழைக்குள் ஒட்டும் போகும், தகடும் போகும். வேலை தொடங்குமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றுவதையும் பெட்ரோல் டாங்க்கை வண்டியிலிருந்து எடுத்து அப்பால் வைப்பதையும் நீங்களே நின்று பாருங்கள். காலி டாங்க் என்று அலட்சியம் வேண்டாம்; ஆவிதான் வெடிக்கும். வெல்டிங் முடிந்ததும் உள்ளும் புறமும் பிரைமர் அடிக்க வேண்டும். சூடு பட்ட இடம்தான் முதலில் துருப்பிடிக்கும்.

ஹேண்டில் கழுத்து, முக்கியக் குழாய், என்ஜின் தொங்கும் பிராக்கெட் இவற்றில் விரிசல் என்றால் தெருமுனை வெல்டிங் கூடாது. 'சேட், கச்சிதமாகச் செய்து தருகிறேன்' என்று சொன்னாலும் மயங்காதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டி, அவர்கள் முடியாது என்றால் அந்த வண்டிக்கு விடை கொடுத்துவிடுவதே விவேகம்.

மொழி தெரியாமல் மெக்கானிக்கிடம் திணறுபவர்களுக்கு ஒரு குறிப்பு: துருவை இந்தியில் 'ஜங்க்' என்பார்கள், மராத்தியில் 'கஞ்ஜ்'. தகட்டுக்குப் 'பத்ரா'. இந்த மூன்று சொல் போதும். விஷயம் தெரிந்தவர் என்று அவரும் கொஞ்சம் கவனமாகப் பேசுவார்.

ஊருக்கு அனுப்பும்போது

ஊரோடு போகிறவர்கள் வண்டியை ரயில் பார்சலில் அனுப்புவதுண்டு. பெட்ரோலை முழுவதும் வடித்துவிட வேண்டும். வைக்கோலும் சாக்கும் வைத்துக் கட்டும்போது கண்ணாடி, விளக்கு, பிரேக் லீவர் மூன்றையும் தனியே பாதுகாக்கச் சொல்லுங்கள். பக்கத் தகட்டைப் பிடித்துத் தூக்கினால் தகடு வளைந்துவிடும். பின்புறக் கைப்பிடியையும் முன் ஃபோர்க்கையும் பிடித்துத்தான் தூக்க வேண்டும். வந்து சேர்ந்ததும் கையெழுத்துப் போடுமுன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி விலையில் ஆயிரம், இரண்டாயிரம் குறைத்துப் பேசுவதில் நாம் சமர்த்தர்கள்தான். விரிப்பைத் தூக்கி அடியில் குனிந்து பார்க்க மட்டும் கூச்சப்படுகிறோம். விற்பவர் என்ன நினைத்தாலும் சரி, குனிந்து பாருங்கள். அந்த வண்டியில் ஏறப்போவது உங்கள் குடும்பம்.