முதுமையிலும் பிரியாத தெருப் பூனைகள்: வெளிநாட்டுக்குத் தத்து அனுப்புவதில் உள்ள விதிகளும் சிக்கல்களும்

புதுதில்லி: தெருவிலிருந்து மீட்கப்படும் விலங்குகளுக்கு வெளிநாடுகளில் வீடு தேடித் தரும் பணியில் இந்தியப் பெருநகரங்களின் தன்னார்வக் குழுக்கள் ஈடுபட்டு வருகின்றன. பெரும்பாலும் நாய்களுக்காகத் தொடங்கிய இந்த முயற்சியில் பூனைகளும் இடம்பெறுகின்றன. அவற்றுள் மிகக் கடினமானது, பத்து வயதைக் கடந்த, ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து வாழாத இரண்டு பூனைகளைச் சேர்த்தே அனுப்புவதாகும். எந்த நாட்டுக்கு அனுப்புவது, அதற்கு எத்தனை மாதம் பிடிக்கும், அதுவரை இரண்டும் நலமாக இருக்குமா என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் தொடங்கும் முயற்சி, பூனைகளுக்கு நன்மையைவிடத் துன்பத்தையே அதிகம் தரக்கூடும்.

ஏன் வெளிநாடு?

தத்தெடுக்க வருவோர் பொதுவாகக் குட்டிகளையே விரும்புகின்றனர். முதிய பூனைக்கு மருத்துவச் செலவு அதிகம். உடன் இருக்கும் காலம் குறைவு. இரண்டையும் சேர்த்தே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை வரும்போது முன்வருவோர் மேலும் குறைகின்றனர். இத்தகைய பூனைகளுக்குப் பல ஆண்டுகளாக உணவளித்தவர் இறந்துவிட்டாலோ, வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தாலோ, அவை வாழ்ந்த பழைய குடியிருப்பு இடிக்கப்பட்டாலோ, அவற்றுக்குத் தெரிந்த உலகமே இல்லாமல் போகிறது. பழகிய இடத்தை இழந்த முதிய பூனை வேறு தெருவில் புதிதாக உணவும் மறைவிடமும் தேடிக்கொள்வது அரிது.

ஆதரவற்றுப்போகும் சூழலில் ஒரு விலங்கைக் காரணமின்றிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றமாகும். எனினும், முதல்முறை குற்றத்துக்கு அச்சட்டம் விதிக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை மட்டுமே. தெருவில் பிறந்து, எவரும் உரிமை கோராத விலங்கை 2023-ஆம் ஆண்டு விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் ‘சமூக விலங்கு’ என்று வரையறுக்கின்றன. உணவளிப்பவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. ஆனால், விமானத்தில் அனுப்புவதற்கான ஆவணங்களில் உரிமையாளர் அல்லது அனுப்புநர் என்று ஒருவர் பெயர் இருந்தாக வேண்டும். ஆகவே, மீட்புக் குழு முதலில் பூனைகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, அதை எழுத்தில் பதிவு செய்வது தவிர்க்க இயலாதது.

பிரியாத ஜோடி என்பது எது?

ஒரே இடத்தில் உணவு உண்ணும் எல்லாப் பூனைகளும் நெருங்கிய உறவு கொண்டவை அல்ல. இணக்கமாக ஒதுங்கி வாழ்வது வேறு. ஒன்றைச் சார்ந்து மற்றொன்று வாழ்வது வேறு. உடலோடு உடல் ஒட்டி உறங்குதல், ஒன்றையொன்று நக்கித் தூய்மை செய்தல், தலையையும் விலாவையும் உரசிக்கொள்ளுதல், ஒரே தட்டில் சண்டையின்றி உண்ணுதல் ஆகியவை நெருக்கத்தின் அடையாளங்கள். உடன்பிறந்தவை, தாயும் சேயும், குட்டிப் பருவம் முதல் ஒன்றாக வளர்ந்தவை ஆகியவற்றிடம் இவை அதிகம் காணப்படும்.

சிகிச்சைக்காக ஒன்றை மருத்துவமனையில் வைக்க நேரும்போது மற்றொன்று எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கவனித்து எழுதி வைப்பது பயனுள்ளது. இடைவிடாமல் கத்துவது, மறைந்தே இருப்பது, உண்ண மறுப்பது ஆகியவை எச்சரிக்கைகள். இவற்றுள் உண்ண மறுப்பது வெறும் மனவருத்தமாகக் கருதத்தக்கது அன்று. சில நாள்கள் தொடர்ந்து உணவு கொள்ளாத பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்து, உயிருக்கே ஆபத்து நேரிடும். உடல் பருத்த பூனைகளுக்கு இந்த ஆபத்து மேலும் அதிகம். முதிய ஜோடியைப் பிரிக்கக் கூடாது என்று குழுக்கள் வலியுறுத்துவதற்கு இந்த மருத்துவக் காரணமும் உண்டு.

முதலில் உடல்நலப் பரிசோதனை

தெருப் பூனையின் சரியான வயது எவருக்கும் தெரியாது. பற்களின் தேய்மானம், கண்ணின் கருவிழிப்படலத்திலும் வில்லையிலும் ஏற்படும் மாற்றங்கள், தசையின் நிலை ஆகியவற்றைக் கொண்டு கால்நடை மருத்துவர் தோராயமாகவே மதிப்பிடுவார். பத்து வயதைக் கடந்த பூனையை முதிய பூனையாகக் கருதுவது மருத்துவ வழக்கம்.

இந்த வயதில் நாள்பட்ட சிறுநீரக நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, உயர் ரத்த அழுத்தம், பல் மற்றும் ஈறு நோய்கள் ஆகியவை பரவலாகக் காணப்படுகின்றன. எனவே, ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம், தைராய்டு ஆகிய பரிசோதனைகளும், பூனைகளுக்கே உரிய எதிர்ப்பாற்றல் குறைவு வைரஸ், ரத்தப் புற்று வைரஸ் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளும் பயண ஏற்பாட்டுக்கு முன்பே நடைபெற வேண்டும். எதிர்ப்பாற்றல் குறைவு வைரஸ் பெரும்பாலும் ஆழமான கடிக் காயங்களின் வழியே பரவுகிறது. ஆகவே, சண்டையிடாமல் வாழும் ஜோடியில் ஒன்றுக்கு அத்தொற்று இருந்தாலும், மருத்துவர் ஆலோசனையுடன் இரண்டையும் சேர்த்து வைத்திருக்க வாய்ப்புண்டு.

பரிசோதனை முடிவுகள் முழுமையாகத் தத்தெடுப்பவரிடம் தரப்பட வேண்டும். சிறுநீரக நோய்க்கான உணவும் மருந்தும் வாழ்நாள் முழுவதும் தேவைப்படும் என்பதை அறிந்தே ஒருவர் ஒப்புக்கொண்டால்தான், ஆறு மாதம் கழித்து அந்த வீடும் பூனைகளைக் கைவிடும் நிலை வராது.

நாட்டுக்கு நாடு மாறும் விதிகள்

வெறிநாய்க்கடி எனப்படும் ரேபிஸ் நோய் இந்தியாவில் இருப்பதால், இங்கிருந்து செல்லும் விலங்குகளைப் பல நாடுகள் கூடுதல் எச்சரிக்கையுடன் அணுகுகின்றன. ஆனால், அந்த எச்சரிக்கை பூனைகளுக்கு எல்லா நாடுகளிலும் ஒரே அளவில் இல்லை.

அமெரிக்காவில் நோய்க் கட்டுப்பாட்டு மையம், ரேபிஸ் ஆபத்து மிகுந்த நாடுகளிலிருந்து வரும் நாய்களுக்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் கடுமையான விதிகளை நடைமுறைப்படுத்தியுள்ளது. பூனைகளுக்கு அந்த விதிகள் பொருந்தாது. நாட்டுக்குள் நுழையும் பூனைக்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று கட்டாயம் என்று அம்மையம் கூறவில்லை. நோய் அறிகுறி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. ஆயினும், மாநிலங்களும் விமான நிறுவனங்களும் தடுப்பூசிச் சான்றைக் கேட்கலாம். ஹவாய் மாநிலத்துக்குத் தனித் தனிமைப்படுத்தல் விதிகள் உள்ளன.

கனடா, ரேபிஸ் ஆபத்து மிகுந்த நாடுகளிலிருந்து வணிக நோக்கில் நாய்களைக் கொண்டுவருவதை 2022 செப்டம்பர் 28 முதல் தடை செய்தது. தத்தெடுப்புக்காகக் கொண்டுவரப்படும் நாய்களும் இத்தடையில் அடங்கும். இந்தியாவும் அந்நாடுகளின் பட்டியலில் உள்ளது. பூனைகளுக்கு இத்தடை இல்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பூனைக்குச் செல்லத்தக்க ரேபிஸ் தடுப்பூசிச் சான்று தேவை.

ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து பூனைகளை நேரடியாக அனுப்ப இயலாது. அந்நாடு அங்கீகரித்த வேறொரு நாட்டில் அவற்றைத் தங்கவைத்து, அங்கிருந்தே ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும். அதன் பின்னரும் மெல்போர்ன் அருகே உள்ள மிக்கல்ஹாம் அரசு மையத்தில் குறைந்தது 10 நாள் தனிமைப்படுத்தல் உண்டு. முதிய ஜோடிக்கு இந்த வழி ஏறத்தாழ மூடப்பட்டதே.

நான்கு மாதக் கணக்கு

பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியாவைத் தங்கள் சலுகைப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆகவே, அங்கு செல்லும் பூனைக்கு வரிசை மாறாத சில படிகள் உள்ளன. முதலில் சர்வதேசத் தரத்தில் அமைந்த மைக்ரோசிப் தோலுக்கடியில் பொருத்தப்பட வேண்டும். அதன் பிறகே ரேபிஸ் தடுப்பூசி. சிப் பொருத்துவதற்கு முன் போட்ட ஊசி கணக்கில் சேராது. தடுப்பூசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்த மாதிரி எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்குக் குறைந்தது 0.5 சர்வதேச அலகு எதிர்ப்புப்பொருள் இருந்தால் மட்டுமே தேர்ச்சி. மாதிரி எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருந்த பின்னரே பயணம் செய்ய முடியும்.

அதாவது, தடையின்றி நடந்தாலும் குறைந்தது நான்கு மாதம் தேவை. இரண்டு பூனைகள் எனும்போது கணக்கு மேலும் கடினமாகிறது. ஒன்று தேர்ச்சி பெற்று மற்றொன்றின் எதிர்ப்புப்பொருள் அளவு குறைவாக இருந்தால், அதற்கு மீண்டும் தடுப்பூசி, மீண்டும் பரிசோதனை, மீண்டும் காத்திருப்பு. தேர்ச்சி பெற்ற பூனையும் உடன் காத்திருக்க வேண்டும். ஜோடியின் பயண நாளைத் தாமதமான பூனையே தீர்மானிக்கிறது. அதற்கிடையில் முந்தைய தடுப்பூசியின் செல்லுபடிக் காலம் முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் குழுவின் பொறுப்பு.

சிறுநீரக நோயுள்ள பூனைக்கு இந்த நான்கு மாதங்கள் சாதாரணமானவை அல்ல. தொடங்கும்போது பயணத்துக்குத் தகுதியாக இருந்த பூனை, முடியும்போது தகுதியற்றதாகிவிடலாம். ஆகவே, காத்திருக்கும் காலத்தில் இரண்டும் கூண்டில் அல்லாமல், பயிற்சி பெற்ற தன்னார்வலரின் வீட்டில் ஒன்றாக வளர்க்கப்படுவது அவசியம். வீட்டுக்குள் வாழ்வது, மணல் தட்டைப் பயன்படுத்துவது, மருந்தை ஏற்றுக்கொள்வது ஆகிய பழக்கங்களும் அங்குதான் உருவாகும்.

தத்தெடுப்பா, வணிகமா?

தன்னார்வலர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குமுறை, விற்பனையோ உரிமை மாற்றமோ நோக்கமாக இல்லாத பயணத்தையே வணிகமற்ற பயணமாகக் கருதுகிறது. பணம் கைமாறாவிட்டாலும், புதிய ஒருவருக்குத் தத்துக் கொடுப்பதற்காகவே அனுப்பினால், அது உரிமை மாற்றம். எனவே கடுமையான வணிக விதிகள் பொருந்தும். பிரிட்டனும் இதே அணுகுமுறையையே பின்பற்றுகிறது. வேறு பயணி ஒருவரின் செல்லப் பிராணி என்று காட்டி அனுப்புவது தவறான அறிவிப்பாகும். அதன் விளைவாகப் பூனைகள் தடுத்துவைக்கப்படலாம் அல்லது திருப்பி அனுப்பப்படலாம். இந்தியாவில் பணியாற்றும்போது பூனைகளைத் தாமே வளர்த்து, நாடு திரும்பும்போது உடன் அழைத்துச் செல்பவரின் நிலை இதிலிருந்து வேறுபட்டது.

பணத்திலும் கவனம் தேவை. வெளிநாட்டவரிடமிருந்து நன்கொடை பெறும் இந்திய அமைப்புகள் 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். 2020-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி அத்தொகை பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கிலேயே வந்துசேர வேண்டும். பதிவு பெறாத சிறு குழுக்கள் இதை அறியாமல் நிதி திரட்டினால் சட்டச் சிக்கலுக்கு ஆளாகும்.

விமானப் பயணம்

புறப்படும் முன் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றுடன், மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையத்தில் ஏற்றுமதிச் சான்று பெற வேண்டும். தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய இடங்களில் இந்நிலையங்கள் உள்ளன. சான்றுகள் சில நாள்களுக்கு மட்டுமே செல்லுபடியாகும் என்பதால், விமானம் தள்ளிப்போனால் அவற்றை மீண்டும் பெற நேரலாம்.

சில நாடுகளுக்குப் பயணியுடன் விமான அறையிலேயே பூனையைக் கொண்டுசெல்ல முடியும். பிரிட்டனுக்கு அது இயலாது. அங்கு விமானத்தில் வரும் பூனைகள் சரக்காகவே வந்திறங்க வேண்டும். பழகிய, ஒத்த அளவுடைய இரண்டு பூனைகளை ஒரே பெட்டியில் அனுப்பச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் உயிருள்ள விலங்குகளுக்கான விதிகள் இடமளிக்கின்றன. ஆனால், விமான நிறுவனம் மறுக்கலாம். எனவே, பயணச்சீட்டுப் பதிவுக்கு முன்பே எழுத்துப்பூர்வமாகக் கேட்டறிவது நல்லது. தனித்தனிப் பெட்டி எனில், இரண்டும் ஒரே விமானத்தில் செல்வது உறுதி செய்யப்பட வேண்டும்.

பெட்டிக்குள் உண்ணவும் உறங்கவும் சில வாரங்களுக்கு முன்பே பழக்கினால் பயணத்தின் அச்சம் குறையும். மயக்க மருந்து கொடுக்கப்பட்ட விலங்குகளை விமான நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை; முதிய பூனையின் இதயத்துக்கும் சுவாசத்துக்கும் அது ஆபத்தானது. கோடை வெப்பத்தில் சரக்குப் பயணத்தைத் தவிர்ப்பதும் தேவை.

சென்ற பிறகும், செல்லாதபோதும்

புதிய வீட்டில் முதல் சில வாரங்கள் இரண்டையும் ஒரே அறையில் வைத்து, பழைய போர்வையையும் பழகிய உணவையும் கொடுப்பது வழக்கம். ஒவ்வொன்றும் எவ்வளவு உண்கிறது என்பதைத் தனித்தனியே கவனிப்பது மிக முக்கியம். இந்தியாவுக்குள் செல்லப் பிராணிகளைக் கொண்டுவரவும் கட்டுப்பாடுகள் உள்ளதால், தத்தெடுப்பு தோல்வியுற்றால் பூனைகளைத் திரும்பப் பெறுவது எளிதல்ல. அதே நாட்டில் மாற்று வீடு ஒன்றை முன்கூட்டியே உறுதி செய்வதும், இரண்டையும் பிரித்து வேறெவருக்கும் கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுவதும் இதனாலேயே அவசியமாகின்றன.

மனிதர்களின் தொடுதலையே ஏற்காத பூனைகள், நோய் முற்றியவை, மருத்துவர் பயணத்துக்குத் தகுதியற்றவை என்று கூறியவை ஆகியவற்றை அனுப்பாமல் இருப்பதே பொருத்தமானது. உள்நாட்டிலேயே இரண்டையும் ஏற்கும் வீடு கிடைத்தால், நான்கு மாதக் காத்திருப்பும் நீண்ட பயணமும் தேவையற்றுப்போகின்றன. அதுவும் கிடைக்காத நிலையில், மருத்துவச் செலவைக் குழுவே ஏற்று, ஒரு தன்னார்வலரின் வீட்டில் எஞ்சிய காலம் முழுவதும் இரண்டையும் சேர்த்துப் பராமரிக்கும் ஏற்பாட்டுக்கும் இடமுண்டு. இதற்குக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் புரவலர் தேவையில்லை. மாதந்தோறும் மருந்துக்கும் உணவுக்கும் உதவ முன்வரும் சிலர் போதும்.