பதக்கத்துக்குப் பிறகுதான் மருத்துவமா?

புது தில்லி: ரியோ ஒலிம்பிக்கில் 2016 ஆகஸ்டில் நடந்த மல்யுத்தக் காலிறுதியில், சீன வீராங்கனையுடன் மோதிக்கொண்டிருந்த வினேஷ் போகாட் முழங்காலில் காயமுற்று விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் வெளியேற்றப்பட்ட அவர், அறுவைச் சிகிச்சையும் நீண்ட மறுபயிற்சியும் முடித்து, 2018-இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார். 2023 ஆகஸ்டில் பயிற்சியின்போது மீண்டும் முழங்காலில் காயம் ஏற்பட்டு, மும்பையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஓராண்டுக்குள் பாரிஸ் ஒலிம்பிக் இறுதிச் சுற்றை எட்டினார். எடை 100 கிராம் கூடியதால் பதக்கம் கைநழுவியது வேறு கதை.

சென்னையில் 17 வயது கால்பந்து வீராங்கனை ஒருவருக்கும் முழங்காலில்தான் காயம். 2022 நவம்பரில், கிழிந்த ஜவ்வுக்காக அரசு மருத்துவமனை ஒன்றில் அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன்பின் போடப்பட்ட இறுக்கமான கட்டு ரத்த ஓட்டத்தைத் தடுத்ததால் காலை அகற்ற நேர்ந்தது. சில நாள்களில் அவர் உயிரிழந்தார்.

இவ்விரு முழங்கால்களுக்கும் இடையே உள்ள தூரமே இந்திய விளையாட்டு மருத்துவத்தின் நிலையைச் சொல்லிவிடும்.

உச்சியில் நிலைமை வெகுவாக முன்னேறியிருக்கிறது. 2014-இல் தொடங்கப்பட்ட ஒலிம்பிக் பதக்க இலக்குத் திட்டமான 'டாப்ஸ்', தேர்வு பெற்றவர்களின் பயிற்சியோடு மருத்துவத் தேவைகளையும் கவனிக்கிறது. 2019-இல் முழங்கையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட நீரஜ் சோப்ரா, அவசரப்படாமல் தேறி, 2021-இல் டோக்கியோவில் ஈட்டி எறிதலில் தங்கம் வென்றார். பாரிஸ் சென்ற 117 பேருக்காக 13 பேர் கொண்ட மருத்துவக் குழு உடன் அனுப்பப்பட்டது. 2010 காமன்வெல்த் போட்டிகளையொட்டி தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் அமைக்கப்பட்ட விளையாட்டுக் காய மையமும் தொடர்ந்து இயங்கி வருகிறது.

ஆனால், காயங்கள் உச்சியில் மட்டும் ஏற்படுவதில்லை. பள்ளி மைதானத்திலும், மண்தரைக் கபடிக் களத்திலும், ஹரியாணா கிராமத்து மல்யுத்தக் கூடத்திலும் விழும் இளைஞரின் பெயர் எந்தத் திட்டத்திலும் இருப்பதில்லை. 2021-இல் இந்திய விளையாட்டு ஆணையம் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள், பயிற்சியாளர்கள், உதவியாளர்களுக்கு ரூ. 5 லட்சம் மருத்துவக் காப்பீடு அறிவித்தது. வரவேற்கத்தக்க அறிவிப்பே. ஆயினும், தேர்வாகி ஆணையத்தின் குடைக்குள் வந்தவர்களுக்கே அது பயன்படும். தேர்வுக்கு முன்பே காயமடைந்தவர் குடும்பத்தின் சேமிப்பையோ கடனையோதான் நம்ப வேண்டியிருக்கிறது.

இது யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அரசியல் சாசனமே ஒரு விடை தருகிறது. ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 33-ஆவது இனம் விளையாட்டு. 6-ஆவது இனம் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும். நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேட்கும்போதெல்லாம், விளையாட்டு மாநிலப் பொருள், மத்திய அரசு துணை நிற்கிறது என்ற பதில் வருவது இதனால்தான். மாநிலங்களிலோ விளையாட்டுத் துறை ஒன்று, சுகாதாரத் துறை வேறொன்று. இரண்டுக்கும் நடுவே காயமுற்றவர் காத்திருக்கிறார்.

2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா, பிகார் வாக்காளர் பட்டியல் விவகாரத்தில் எதிர்க்கட்சிகள் எழுப்பிய முழக்கங்களுக்கு இடையே மக்களவையில் நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. தேசிய விளையாட்டு வாரியம், தீர்ப்பாயம் ஆகியவற்றுக்கு வழிவகுத்த அச்சட்டத்தின் மையப் பொருள் சம்மேளனங்களின் நிர்வாகமே. வீரரின் உடல்நலம் அன்று.

இத்தனைக்கும், காயத்தைத் தடுப்பதற்குப் பெரும் பணம் தேவையில்லை. சர்வதேச கால்பந்து சம்மேளனம் உருவாக்கிய '11+' என்னும் தயார்ப் பயிற்சிக்கு 20 நிமிடங்கள் போதும். மைதானமும் பந்தும் இருந்தால் செய்யலாம். மெதுவோட்டம், தொடைத் தசை வலுவூட்டல், ஒற்றைக்காலில் சமநிலை, குதித்துச் சரியாகக் கால் ஊன்றுதல் என எளிய அங்கங்களே அதில் உள்ளன. இதைத் தவறாமல் செய்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக ஆய்வுகள் காட்டியுள்ளன. முழங்கால் ஜவ்வு கிழியும் ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு இப்பயிற்சி மிக அவசியம்.

காயம் பட்ட முதல் இரண்டு நாள்களும் முக்கியமானவை. வீங்கிய மூட்டை எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவுவதும் வெந்நீர் ஒத்தடமும் உள்கசிவைக் கூட்டக்கூடும். ஓய்வு, குளிர் ஒத்தடம், அளவான கட்டு, காலை உயர்த்தி வைத்தல், பின்னர் மருத்துவரிடம் காட்டுதல் என்பதே முறை. கட்டுக்குக் கீழே விரல்கள் மரத்தாலோ நிறம் மாறினாலோ ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது. ஜவ்வு சீரமைப்புக்குப் பின் ஒன்பது மாதங்களுக்கு முன்பே களமிறங்கினால், மீண்டும் காயம் படும் வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது.

இன்னொரு கண்ணியும் உண்டு. வீக்கம் தணியப் போடப்படும் குளூக்கோகார்ட்டிகாய்டு வகை ஸ்டீராய்டு ஊசிகள் அனைத்தும் 2022 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டுள்ளன. விவரம் அறியாமல் ஊசி போட்டுக்கொள்ளும் வீரர், ஊக்கமருந்து வழக்கில் சிக்க நேரிடும்.

2030 காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாதுக்குக் கிடைத்துள்ளன. 2036 ஒலிம்பிக்கையும் இந்தியா கோருகிறது. அப்போது களமிறங்க வேண்டியவர்களில் பலர் இன்று பள்ளி மாணவர்கள். மாவட்ட விளையாட்டரங்கம் தோறும் முதலுதவியும் தடுப்புப் பயிற்சியும் அறிந்த ஓர் இயன்முறை மருத்துவர், மாவட்ட அணியில் பெயர் பதிவான நாளிலிருந்தே காப்பீடு, அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியுடன் நேரடித் தொடர்பு: இம்மூன்றும் எட்டாக்கனிகள் அல்ல. மத்திய அரசும் மாநிலங்களும் பட்டியலைக் காட்டி ஒதுங்காமல் ஒரே மேசையில் அமர்ந்தால் போதும். அரங்கங்களைப் பிறகும் கட்டிக்கொள்ளலாம். கிழிந்த முழங்காலோடு பதினாறு வயதில் ஆட்டத்தை விட்டுப் போனவரைத் திரும்ப அழைக்க முடியாது.