பருப்பும் புரதமும்

உடலை வளர்க்கும் உணவுப் பொருள்களுள் புரதம் தலையாயது. பாலும் முட்டையும் நாள்தோறும் வாங்க இயலாத இல்லங்களில், வளரும் குழந்தைகளுக்குப் புரதம் தரும் பெருந்துணை பருப்பே ஆகும். துவரை, உளுந்து, கடலை முதலியவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 25 பங்கு வரை புரதம் உண்டு. ஆயினும் உண்ட புரதம் முழுவதும் உடலிற் சேர்ந்துவிடுமா? சேராது. அதன் காரணத்தைக் காண்போம்.

பருப்பை மெல்லியதாகச் சீவி உருப்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்த்தால், அது எண்ணற்ற சிறு அறைகளால் ஆகியிருப்பது புலனாகும். அவ்வறைகளே உயிரணுக்கள். ஒவ்வோர் அறையிலும் மாவுப்பொருள் மணிகளும், அவற்றைச் சூழ்ந்து புரதமும் அடைபட்டுக் கிடக்கின்றன. அறையின் சுவர் செல்லுலோஸ், பெக்டின் முதலியவற்றால் ஆனது. அச்சுவரைக் கரைக்கவல்ல நொதி எதுவும் மனித உடலில் சுரப்பதில்லை. ஆதலின், சுவர் உடையாதவரை நம் செரிமான நொதிகள் உள்ளிருக்கும் புரதத்தை எளிதில் அணுக இயலாது.

பருப்பை வேகவைக்கும்போது அறைகளை ஒட்டியிருக்கும் பெக்டின் இளகுகிறது, பருப்பு குழைகிறது. சுண்ணாம்புச் சத்து மிக்க கடின நீரில் பெக்டின் எளிதில் இளகாது. அதனாலேயே அந்நீரில் பருப்பு வேகுவதில்லை. வெப்பத்தால் மற்றொரு நன்மையும் உண்டு. வேகாத பருப்பில், டிரிப்சின் என்னும் செரிமான நொதியைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. வெப்பம் அவற்றின் ஆற்றலைப் பெரிதும் அழிக்கிறது. 1917ஆம் ஆண்டில் ஆஸ்பார்ன், மெண்டல் என்னும் அமெரிக்க அறிஞர்கள் சோயா மொச்சையை எலிகளுக்கு அளித்து ஆராய்ந்தனர். பச்சையாக உண்ட எலிகள் நன்கு வளரவில்லை. வேகவைத்ததை உண்டவை வளர்ந்தன.

ஆனால் வெந்த பருப்பில் அறைகள் ஒன்றைவிட்டொன்று பிரிகின்றனவேயன்றி, அவற்றின் சுவர்கள் பெரும்பாலும் உடைவதில்லை. சுண்டலைச் சரியாக மெல்லாது விழுங்கினால், உடையாத அறைகள் பல பெருங்குடலை அடைந்து அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிவிடும்.

இவ்வறைகளைப் பற்றி அறியாத காலத்திலேயே நம் முன்னோர் அவற்றைத் திறக்கும் வழிகளைக் கையாண்டனர். உளுந்தை ஊறவைத்து ஆட்டுக்கல்லில் அரைத்தனர், அறைகள் உடைந்தன. மாவைப் புளிக்கவைத்தனர், நுண்ணுயிர்கள் புரதத்தில் ஒரு பகுதியைச் சிறு கூறுகளாக்கின. பயறை முளைகட்டினர், வித்தே தன் முளையை வளர்க்கும்பொருட்டு நொதிகளைத் தோற்றுவித்து, சேமித்த புரதத்தைச் சிதைக்கத் தொடங்கிற்று.

எனினும், எல்லாப் பருப்பையும் அரைத்தே உண்ணவேண்டும் என்று கொள்ளலாகாது. சுவர் உடைந்தால் மாவுப்பொருளும் விரைவிற் செரித்து, குருதியில் சர்க்கரையை விரைவாக உயர்த்தும். ஆதலால் நீரிழிவு உடையோர்க்கு முழுப்பயறு ஏற்றது. பல் முளைக்கும் குழந்தைக்கும் பல் இழந்த முதியோர்க்கும் குழைய வேகவைத்து மசித்த பருப்பும் இட்டிலியும் ஏற்றவை.

கிடைக்கும் பருப்பு ஒரு பிடியே ஆயினும், உண்பவரின் நிலையறிந்து பக்குவம் செய்தால் அதன் பயன் வீணாகாது. மாணவர்களே, உணவின் அளவோடு அதன் பக்குவத்தையும் எண்ணிப் பாருங்கள். நன்றாக மென்று உண்ணுங்கள்.