அலைமாலைப் பகுப்பாய்வி: ஆய்வகத்திற்கான தேர்வும் அமைப்பும்

அலைமாலைப் பகுப்பாய்வி (ஸ்பெக்ட்ரம் அனலைசர்) என்பது ஒரு வானலைச் சைகையின் திறன் எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு உள்ளது என்பதைத் திரையில் காட்டும் கருவியாகும். இதன் விலை பல லட்சம் ரூபாய் வரை செல்வதால், வாங்கும் முன் தேவையைக் கணக்கிடுவது அவசியம்.

தேவையை வரையறுத்தல்

காவிரிப் படுகையில் நெல்லுக்குப் பரிந்துரைக்கப்படும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில், வயலில் பதித்த துளைக்குழாயில் நீர் மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் நீர் பாய்ச்சப்படுகிறது. இம்மட்டத்தை உணரியால் அளந்து, லோரா அலைபரப்பி மூலம் வீட்டிற்கே அனுப்பலாம். இத்தகைய கருவியைத் தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றின் ஆய்வகம் உருவாக்குவதாகக் கொள்வோம். இந்தியாவில் 865–868 மெகாஹெர்ட்ஸ் பட்டையை 1 வாட் அலைபரப்பித் திறன் வரை உரிமமின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் 869 மெகாஹெர்ட்ஸிலிருந்து கைப்பேசி அலைவரிசை தொடங்குகிறது. அலைபரப்பியின் சைகை தன் பட்டைக்கு வெளியே கசிந்தால் பிறர் தொடர்பு பாதிக்கப்படும். அக்கசிவைக் காண்பதே இங்கு பகுப்பாய்வியின் வேலை.

அதிர்வெண் எல்லை

866 மெகாஹெர்ட்ஸின் இரண்டாம் சீரிசை 1,732, மூன்றாம் சீரிசை 2,598 மெகாஹெர்ட்ஸ். எனவே 3 கிகாஹெர்ட்ஸ் கருவி இவ்விரண்டையும் காட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் மூன்றாம் சீரிசையையும் பார்க்க வேண்டுமானால் 7.5 கிகாஹெர்ட்ஸ் தேவை. எல்லை உயர உயர விலையும் ஏறும்.

உள்ளீட்டுப் பாதுகாப்பு

பல கருவிகளின் உள்ளீடு தாங்கும் உச்சத் திறன் 30 டிபிஎம், அதாவது 1 வாட். மேற்கண்ட அலைபரப்பியை நேராக இணைத்தால் உள்ளீட்டுப் பகுதி எரிந்துபோகலாம். எனவே 2 வாட்டாவது தாங்கும் 30 டெசிபெல் தணிப்பியை இடையில் இணைக்க வேண்டும். அப்போது உள்ளே செல்வது 0 டிபிஎம், அதாவது 1 மில்லிவாட் மட்டுமே. 50 ஓம் என்-வகை ஆண் இணைப்பியை 75 ஓம் பெண் இணைப்பியில் செருகினால் நடுமுனை சேதமடையும்.

அமைக்கும் முறை

1. கருவியை இயக்கி, கையேடு கூறும் நேரம் வரை சூடாக விடவும்.
2. மைய அதிர்வெண்ணை 866.5 மெகாஹெர்ட்ஸ், அகலத்தை 5 மெகாஹெர்ட்ஸ் என வைக்கவும்.
3. வெளித் தணிப்பிக்கு ஈடாக 30 டெசிபெல் திருத்தம் கொடுக்கவும். அப்போது திரையில் உண்மைத் திறன் தெரியும்.
4. பிரிதிறன் பட்டையகலத்தை 10 கிலோஹெர்ட்ஸில் தொடங்கவும். அதைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் இரைச்சல் தளம் 10 டெசிபெல் இறங்கும், ஆனால் அலகிடும் நேரம் கூடும்.

சீரிசை தெரிந்தால் உள்தணிப்பை 10 டெசிபெல் கூட்டிப் பார்க்க வேண்டும். அளவு மாறாவிடில் அது அலைபரப்பியிலிருந்து வருவது. குறைந்தால் பகுப்பாய்வியே உண்டாக்கியது. இச்சோதனையைச் செய்யாமல் நல்ல அலைபரப்பியைக் குறைசொல்லும் மாணவர்கள் பலர்.

கொள்முதல்

அரசுக் கொள்முதலுக்கு 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் பொருந்தும். விலைப்புள்ளி கோரும்போதே அதிர்வெண் எல்லை, இரைச்சல் தளம், தணிப்பிகள், வடங்கள், அளவுத்திருத்தச் சான்று ஆகியவற்றை எழுதிவிட வேண்டும். விடுபட்டதைப் பின்னர் கேட்டுப் பெறுவது கடினம். முறையான மின்காந்த ஒவ்வுமைச் சோதனைக்குச் சென்னை தரமணியிலுள்ள சமீர் மையம் போன்றவை இருப்பதால், எல்லாக் கருவிகளையும் கல்லூரியே வாங்க வேண்டியதில்லை. மிச்சமாகும் தொகையில் சிறிய கையடக்கப் பகுப்பாய்விகள் சிலவற்றை வாங்கினால், ஒவ்வொரு மாணவருக்கும் தன் கையால் அளக்கும் வாய்ப்புக் கிடைக்கும்.