பழைய மின்னணு அளவைக் கருவிகளின் மின்வழங்கியைச் செப்பனிடல்

பழைய மின்னணு அளவைக் கருவிகளின் மின்வழங்கியைச் செப்பனிடல் என்பது, அலைவுகாட்டி, குறிகை இயற்றி, அதிர்வெண் எண்ணி போன்ற கருவிகள் மின்சாரம் கொடுத்தும் இயங்காதபோது, அவற்றின் மின்வழங்கிப் பகுதியிலுள்ள பழுதைக் கண்டறிந்து நீக்கும் முறையாகும். பல ஆண்டுகள் பயன்படுத்தப்பட்டு ஓய்ந்துபோன கருவிகளில் முதலில் ஐயப்பட வேண்டிய பகுதி இதுவே. மின்வழங்கியைச் சீர்செய்தால் மீண்டும் உழைக்கக்கூடிய பல கருவிகள் கழிவுப் பொருளாக எடைக்குப் போடப்படுகின்றன.

அமைப்பு

மின்மாற்றி வகை மின்வழங்கியில் நான்கு கட்டங்கள் உண்டு. மின்மாற்றி வீட்டு மின்னழுத்தத்தைக் குறைக்கிறது. இருமுனையங்களாலான திருத்தி மாறுதிசை மின்னோட்டத்தை ஒருதிசைப்படுத்துகிறது. பெரிய மின்பகு மின்தேக்கி ஏற்றத்தாழ்வைச் சமன் செய்கிறது. இறுதியாக, சீராக்கிச் சுற்று மின்னழுத்தத்தைக் குறித்த அளவில் நிறுத்துகிறது.

ஒரே கருவிக்குப் பல மின்னழுத்தங்கள் தேவைப்படும். அமெரிக்காவின் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1972இல் வெளியிட்ட 465 வகை அலைவுகாட்டியில் +110, +55, +15, +5, −8 வோல்ட்டு எனத் தாழ்மின்னழுத்தத் தடங்கள் மட்டும் ஐந்து உள்ளன. படக்குழாய்க்கான உயர்மின்னழுத்தம் தனி. பல கருவிகளில் ஒரு தடமே மற்றவற்றுக்கு ஒப்பீட்டு அளவாக அமைகிறது. அத்தடம் பழுதானால் நல்ல நிலையிலுள்ள மற்றத் தடங்களும் செயலிழந்தவை போலத் தோன்றும். ஆகவே சுற்றுப்படம் உள்ள பராமரிப்புக் கையேட்டை முதலில் தேடிப் பெறுவது பயனளிக்கும்.

பாதுகாப்பு

இப்பணியில் உயிருக்கு ஆபத்து உண்டு. மின்செருகியைக் கழற்றிய பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். மின்மாற்றி இல்லாமல் 230 வோல்ட்டை நேரடியாகத் திருத்தும் நிலைமாற்று வகை மின்வழங்கியில், முதன்மை மின்தேக்கி ஏறத்தாழ 325 வோல்ட்டு வரை ஏறும். அதன் மின்தேக்கம் 220 மைக்ரோபாரடு எனில், சேமிக்கப்படும் ஆற்றல் ½ × 0.00022 × 325² = 11.6 ஜூல் ஆகும். இதைத் திருப்புளியால் குறுக்கிட்டு இறக்கக் கூடாது. 2.2 கிலோஓம், 10 வாட்டு கம்பிச்சுற்று மின்தடையம் ஒன்றைக் காப்பிட்ட கம்பிகளால் இணைத்தால் இரண்டு மூன்று நொடிகளில் மின்னூட்டம் வடிந்துவிடும். பின்னர் மல்டிமீட்டரால் அளந்து உறுதி செய்தல் வேண்டும்.

நிலைமாற்று வகையின் முதன்மைப் பகுதி வீட்டு மின்னிணைப்போடு நேரடித் தொடர்பு உடையது. அங்கே அலைவுகாட்டியின் புவிக்கவ்வியை மாட்டினால் குறுக்குச்சுற்று ஏற்படும். அதற்காக அலைவுகாட்டியின் புவிக்கம்பியைத் துண்டித்துவிட்டு அளப்பது தவறு. அப்போது கருவியின் உலோக உறையே மின்னழுத்தம் பெற்றுவிடும். பழுதுபார்க்கும் கருவிக்கு மின்தனிமைப்படுத்தும் மின்மாற்றி வழியாக மின்சாரம் கொடுப்பதே உரிய வழி.

பழுதைக் கண்டறிதல்

மின்சாரம் கொடுப்பதற்கு முன் செய்யும் சோதனைகள் முதன்மையானவை. மின்னழுத்தத் தெரிவி 115 வோல்ட்டில் இருக்கிறதா, 230 வோல்ட்டில் இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். பின்னர் உருகி, ஆளி, மின்மாற்றியின் முதன்மைச் சுருள் ஆகியவற்றின் தொடர்ச்சியைச் சோதிக்க வேண்டும். உருகி எரிந்திருந்தால் அது விளைவே. காரணம் வேறிடத்தில் இருக்கும். கூடுதல் ஆம்பியர் உருகியைப் போட்டால் மின்மாற்றியே எரிந்துபோகலாம்.

முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது, மின்மாற்றி வகைக் கருவியுடன் 60 வாட்டு இழைவிளக்கு ஒன்றைத் தொடராக இணைப்பது பழகிய முறை. உள்ளே குறுக்குச்சுற்று இருந்தாலும் மின்னோட்டம் சுமார் 0.26 ஆம்பியரைத் தாண்டாது. விளக்கு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் நல்ல அறிகுறி. முழு ஒளியில் நின்றால் குறுக்குச்சுற்று உண்டு என்று பொருள். எல்.ஈ.டி. விளக்கு இதற்குப் பயன்படாது. நிலைமாற்று வகை இம்முறையில் சரியாகத் தொடங்காமல் போகலாம் என்பதால், அதன் முடிவை அப்படியே நம்பக் கூடாது.

அடுத்து, திருத்திக்குப் பின்னுள்ள மின்தேக்கியில் அளக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மின்மாற்றி 18 வோல்ட்டு தந்தால் அதன் உச்ச மதிப்பு 25.5 வோல்ட்டு. பாலத் திருத்தியின் இரு இருமுனையங்களில் சுமார் 1.4 வோல்ட்டு குறையும். எனவே நல்ல மின்தேக்கியில் 24 வோல்ட்டோ, சுமைக்கேற்பச் சற்றுக் குறைவாகவோ இருக்கும். சுமையோடு 15 வோல்ட்டு அளவே இருந்து குற்றலையும் மிகுந்திருந்தால், மின்தேக்கி தன் மின்தேக்கத்தை இழந்திருக்கக்கூடும். இங்கு அளவு சரியாக இருந்து தடத்தில் மட்டும் மின்னழுத்தம் இல்லையெனில், பழுது சீராக்கியிலோ அதன் சுமையிலோ உள்ளது.

சுமைப்பக்கப் பழுதில் அடிக்கடி அகப்படுவது டான்டலம் மின்தேக்கி. அது பழுதாகும்போது பெரும்பாலும் குறுக்குச்சுற்றாகிவிடும். சீராக்கி தன்னைக் காத்துக்கொள்ள மின்னழுத்தத்தைத் தாழ்த்துவதால், சீராக்கியே கெட்டதுபோலத் தெரியும். கருவியை அணைத்துவிட்டுத் தடத்துக்கும் புவிக்கும் இடையே மின்தடையை அளந்தால் ஓரிரு ஓம் மட்டுமே காட்டும். சுற்றுப்பலகைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்தால் எந்தப் பலகை என்பது தெரிந்துவிடும்.

உறுப்புகளை மாற்றுதல்

புதிய மின்பகு மின்தேக்கியின் மின்னழுத்த வரம்பு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். 105 பாகை வெப்பநிலை வகை நீடித்து உழைக்கும். முனைகளை மாற்றிப் பொருத்தினால் வெடிக்கக்கூடும். மின்னுள்ளீட்டு வடிகட்டியிலுள்ள பழைய காகித மின்தேக்கிகளின் உறை வெடித்து ஈரம் புகுந்தால், அவை புகைந்து எரியும். அவற்றுக்குப் பதிலாக எக்ஸ், ஒய் எனப்படும் பாதுகாப்பு வகைகளையே உரிய இடத்தில் பொருத்த வேண்டும்.

எல்லா மின்தேக்கிகளையும் ஒரேயடியாக மாற்றுவது நல்ல முறையன்று. பற்றவைக்கையில் புதுப் பழுதுகள் சேரும். முதற்பழுது எது என்பதும் தெரியாமலே போகும்.

சரிபார்த்தல்

கருவி இயங்கத் தொடங்கியதும் வேலை முடிந்துவிடாது. ஒப்பீட்டுத் தடத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு தடத்தின் மின்னழுத்தத்தையும் குற்றலையையும் கையேட்டின் வரம்போடு ஒப்பிட வேண்டும். மின்னழுத்தம் விலகினால் அலைவுகாட்டியின் உயர அளவும் நேர அளவும் விலகக்கூடும். இயங்காத கருவியை யாரும் நம்பிப் பயன்படுத்துவதில்லை. அளவு தவறிய கருவியோ, ஆய்வகத்தில் மாணவரின் சரியான சோதனையையும் பிழையாகக் காட்டிவிடும். ஆகவே அரைமணி நேரம் ஓடவிட்டு மீண்டும் அளந்து, அளவுகளையும் மாற்றிய உறுப்புகளையும் தேதியுடன் எழுதிக் கருவியோடு வைப்பது அடுத்துப் பயன்படுத்துவோருக்கு உதவும்.